கரைவலையில் வந்த அஸ்மிரா

பெண்கள் கல்லூரி இங்கிலீஷ் ஆசிரியை செய்னம்பு இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு ஓர் இங்கிலீஷ் நெடும்பாட்டின் நடுப்பகுதியை, அதாவது ஒஸ்ராக் என்னும் துறைமுகத் தலைவன் தன் இளம் மனைவி அஸ்மிராவைப் பட்டுச் சாக்கில் வைத்துத் தைத்துப் படகில் ஏற்றி ஆழ்கடலில் தள்ளிவிடச் செய்யும் பகுதியை, நடத்தி முடித்த மறுநாள் காலையில், பெரியதுறைக் கடற்கரையில் தொம்மை பர்னாந்தின் ஆட்கள் இழுத்த கரைவலையில் மீன்களோடு ஒரு சாக்கும் வந்தது. சாக்குக்குள் அஸ்மிரா இருந்தாள்.

பச்சைப் பட்டுச் சாக்கு. வாயைப் பொன்சரிகை நூலால் தைத்திருந்தார்கள். கப்பலிலிருந்து தவறி விழுந்த சரக்கு என்று நினைத்துத் தையலைப் பிரித்தபோது, கணுக்கால்வரை கூந்தல் உள்ள ஒரு பெண் எழுந்து உட்கார்ந்து, முடிக்குள் ஒளிந்திருந்த நண்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் விட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அந்தக் கரைக்குக் கடல் அதற்கு முன்பும் பலவற்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது: ஒரு தேக்குக் கதவு, தலை போய் இறக்கைகள் மட்டும் மிஞ்சிய ஒரு சம்மனசுச் சுரூபம், ஒருமுறை பெட்டி நிறையக் கடிகாரங்கள், அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தவை. அதனால் வாய்பிளந்து நிற்க யாருக்கும் தோன்றவில்லை. வலையில் வந்ததை இழுத்தவர்கள் எல்லாரும் பங்கு வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், இதை எப்படிப் பங்கு வைப்பது என்ற பேச்சு மட்டும் கொஞ்ச நேரம் நடந்தது. தண்ணீர் கேட்பது வலையில் பட்ட மீன் கணக்கில் சேராது என்று தொம்மை தீர்த்துச் சொல்லி, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவள் குடித்து முடிக்கும்வரை எல்லாரும் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள்.

அவள் பேசியது இங்கிலீஷ். ஆனால் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவருக்குத் தண்ணீர் என்பதைத் தவிர வேறெதுவும் பிடிபடவில்லை, அவ்வளவு பழைய இங்கிலீஷ். ஆகவே பெண்கள் கல்லூரிக்கு ஆள் அனுப்பி செய்னம்புவை அழைத்துவந்தார்கள். செய்னம்பு துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மணலில் நடந்து வந்து, அவள் கூந்தலையும் கணுக்காலையும் கண்களையும் பார்த்தாள். பாட்டில் எந்த வரிசையில் சொல்லியிருந்ததோ அந்த வரிசையிலேயே எல்லாம் இருந்தன. பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கேட்டாள்.

"அஸ்மிரா" என்றாள் அவள். தன் பெயரைத் தானே சொல்லிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்பதுபோல, இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னாள்.

அந்தப் பாட்டை எழுதியவர் இருநூறு வருஷத்துக்கு முன்பு இருந்த ஓர் இங்கிலீஷ் துரை. குளிர்ந்த ஊரில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் பார்த்திராத ஒரு வெயிற்கரையைப் பற்றி எழுதியவர். கிழக்குத் தேசம் என்றால் ரோஜாவும் நீரூற்றும் வெள்ளைக் கோபுரமும் இருக்க வேண்டும் என்று எண்ணி எல்லாவற்றையும் தாராளமாக வைத்தவர். ஒஸ்ராக்குக்குத் தாடியையும் கறுத்த கோபத்தையும் கொடுத்தார். அவள்மேல் காதல் கொண்ட வலேரியோ என்ற மாலுமிக்கு ஒரு குதிரையையும், ஒஸ்ராக்கைப் பழிவாங்கி வெட்டிச் சாய்க்க ஒரு வாளையும், பிறகு சாகும்வரை அழுது புலம்ப நூற்றுக்கணக்கான வரிகளையும் கொடுத்தார். அஸ்மிராவுக்குக் கூந்தலும் கண்ணும் கணுக்காலும் சாவும் கொடுத்தார். அவள் பேசுவதாக ஒரு வரிகூட அதில் இல்லை. செய்னம்பு வருஷா வருஷம் அந்தப் பாட்டை நடத்தினாள். மாணவிகள் வருஷா வருஷம் வலேரியோவின் புலம்பலை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினார்கள்.

அஸ்மிராவை வேறெங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் செய்னம்பு தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். பெரியதுறையில் தெருக்களுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கும் முடுக்குகள் உண்டு; வீட்டின் கொல்லைக் கதவுகள் எல்லாம் அவற்றில்தான் திறக்கும். அந்த முடுக்கு வழியே இரண்டு பேரும் வந்து சேர்வதற்கு முன்னாலேயே சேதி வந்து சேர்ந்திருந்தது. செய்னம்புவின் உம்மா பாத்துமுத்து வெந்நீர் போட்டு வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சீப்போடு வந்திருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து அவள் தலையைச் சிக்கெடுக்க மத்தியானம் ஆகிவிட்டது, அதற்குள் செய்னம்பு வழியாகக் கதை முழுவதையும் கேட்டுவிட்டார்கள்.

சாக்கைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கேட்கவில்லை. ஆண்கள் அப்படியும் செய்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு விளங்காமல் போனது ஒன்றுதான்: அது யார் வீடு? பெரியதுறையில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்தால் வீடு கட்டத் தொடங்குவார்கள். மாப்பிள்ளை கட்டிய துணியோடு பெண் வீட்டுக்கு வந்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, நல்ல மெத்தையில் படுத்து, கடைசிவரை மரியாதைக்குரிய விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போவார். மாப்பிள்ளை எப்படிப் பொண்டாட்டியை வெளியே தூக்கிப் போட முடியும்? அது அவன் வீடுதான் என்று செய்னம்பு சொன்னாள். இவ உம்மா இவளுக்கு வீடு கொடுக்கலியா என்று கேட்டார்கள். பாட்டில் உம்மாவே இல்லை என்று செய்னம்பு சொன்னதும் சீப்புகள் மூன்றும் நின்றுவிட்டன. அதன் பிறகுதான் அந்தப் பெண்கள் அழுதார்கள்.

பாத்துமுத்து அழவில்லை. வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவ எம் மவ" என்றார். "இந்த வீட்டுல பாதி இவளுக்கு."

வீடு செய்னம்புவின் வீடு. அவள் பிறந்த வருஷம் வாப்பா அஸ்திவாரம் போட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற செய்னம்புவுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சில் சுருக்கென்றது. அந்தச் சுருக்கை அவள் மறைக்கவும் இல்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. உம்மாவைப் பார்த்து, எந்தப் பாதி என்று மட்டும் கேட்டாள். கிணறு இருக்கும் பாதி என்றார் உம்மா.

பள்ளிவாசல் கத்தீப் வந்து திரைக்கு அப்பால் உட்கார்ந்து அரபியில் பேசிப் பார்த்தார். அஸ்மிராவுக்கு அரபி தெரியவில்லை. கலிமா சொல்லச் சொன்னார். துரைக்கே தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும்? கோபம் வந்தால் வானத்தை நோக்கி ஆணையிடுவதற்கு மட்டும் ஒஸ்ராக்கிடம் கேட்ட இரண்டு வார்த்தை வைத்திருந்தாள், அதையும் தப்பாகச் சொன்னாள். அஸ்மிரா என்ற பெயருக்கும் எந்தப் பாஷையிலும் பொருள் இல்லை என்று கத்தீப் கண்டறிந்து, அஸ்மா என்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைகளோடு மாலையில் ஓத அனுப்புங்கள் என்று சொல்லிப் போனார்.

இப்படியாக அஸ்மா பெரியதுறையில் இருக்கலானாள். நீரூற்றுக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்காருவதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் பாறை மீனையும் விளமீனையும் பிரித்தறியவும், மீன்காரியிடம் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை பேசவும் கற்றுக்கொண்டாள். விலை பேசுவது அவளுக்கு அலாதியாகப் பிடித்தது. ஒன்று சொன்னால் எதிரே இருப்பவர் அதற்குப் பதில் சொல்கிறார் என்பதே அவளுக்குப் புதுமையாக இருந்தது. வேண்டாத மீனுக்கும் விலை கேட்டுவிட்டு வந்தாள். கல்லூரிப் பரீட்சையில் கதாநாயகனின் துயரத்தை விவரி என்று வழக்கமான கேள்வி வந்தபோது, பாதிப் பெண்கள், அவளை நேற்றுத்தான் முடுக்கில் பார்த்தோம், நன்றாக இருக்கிறாள், அவருக்கு யாராவது சொல்லியனுப்பினால் நல்லது என்று எழுதினார்கள். அதற்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பதென்று செய்னம்புவுக்குத் தெரியவில்லை, முழுதும் கொடுத்தாள்.

ஒருநாள் தன் கதையைத் தனக்கு வாசித்துக் காட்டும்படி அஸ்மா கேட்டாள். செய்னம்பு கொல்லையில் உட்கார்ந்து வாசித்தாள். படகு கிளம்பும் இடத்தில், குன்றின் மேல் குதிரையில் நின்ற வலேரியோ தூரத்துப் படகைப் பார்த்து அது மீன்பிடிப் படகென்று நினைப்பதாகத் துரை எழுதியிருந்தார். அது வரைக்கும் கண்கொட்டாமல் கேட்ட அஸ்மா, பிறகு வந்த புலம்பலின் பாதியில் தூங்கிப்போனாள். எழுந்ததும், "இவ்வளவு பேசுகிறானே, சாக்கைத் திறக்க ஒரு வரி இல்லையா?" என்று கேட்டாள். உண்மையிலேயே அவனை விரும்பினாயா என்று செய்னம்பு கேட்டதற்கு, ஒரு சாயங்காலம் மாடத்தில் நின்றேன், கீழே அவன் பாடினான், பாட்டு நன்றாகத்தான் இருந்தது, நாளைக்கும் வருகிறானா பார்ப்போம் என்று நினைத்தேன், அதற்குள் துரை காதல் என்று எழுதிவிட்டார் என்றாள்.

செய்னம்புவிடம் அவள் பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் செய்னம்பு சொன்னாள். கணவர் புகாரி கொழும்பில் ரத்தினக் கல் வியாபாரம் செய்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை போன் செய்து, இங்கே வேறொரு நிக்காஹ் செய்துகொண்டேன் என்று சொல்லி, முத்தலாக்கும் சொல்லி வைத்துவிட்டார். அவள் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேலை வந்திருந்த நேரம் அது. தம்பி மொகுதூம் அன்றைக்கே ஜும்ஆ பள்ளி வாசலில் நின்று, புகாரியின் கையை ஒடிக்காமல் ஆட்டுக்கறியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். தான் கணக்குத் தீர்க்கும்வரை அக்கா ஊரைவிட்டுப் போகக் கூடாது, போனால் ஓடிப்போனதாகச் சொல்வார்கள் என்றும் சொன்னான். புகாரி ஊர்ப்பக்கமே வரவில்லை. மொகுதூம் பெயிண்டுக் கடை நடத்திக்கொண்டு, கல்யாண வீடுகளில் எல்லாரும் களரி ஆட்டுக்கறி சாப்பிடுகையில் பருப்பும் கத்தரிக்காயும் மட்டும் தின்றுகொண்டு, ஊரில் ஒரு மாதிரி மரியாதையோடு இருந்தான். அந்தப் பருப்பைத் தனிச் சட்டியில் வைத்துக் கொடுத்தவள் செய்னம்பு.

சாக்கு கரையேறிவிட்டதால் பாட்டு மேலே நகர வழியில்லாமல் நின்றுபோயிருக்க வேண்டும். வெயில் ஏறத் தொடங்கிய மாசியில், திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து ஒஸ்ராக் இறங்கினான். தலைப்பாகையும் வளைந்த வாளும், தோளில் புதிதாகத் தைத்த ஒரு பச்சைப் பட்டுச் சாக்கும். பஸ் நிலையத்துக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, நேரே ஜமாஅத் அலுவலகத்துக்குப் போய், என் மனைவியைக் கொடுங்கள் என்றான். ஜமாஅத்தில் சிலருக்குக் கொஞ்சம் தடுமாற்றம்தான். என்ன இருந்தாலும் புருஷன் என்றார்கள். தலைவர் சுலைமான் லெப்பை பதற்றப்படாதவர். செய்னம்புவை வரவழைத்துத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து மொழிபெயர்க்கச் சொல்லி, பெண்ணுக்கு மஹர் பணம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஒஸ்ராக்குக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. பெண்ணின் பக்கம் ஒப்புக்கொடுத்த வலியார் யார் என்று கேட்டார். சாட்சி யார் என்று கேட்டார். துரை இவற்றில் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒஸ்ராக் தாடியைத் தடவிக்கொண்டு, தனக்குக் கோபம் வருகிறது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். நிக்காஹே நடந்ததாகத் தெரியவில்லை, ஆகவே கொடுப்பதற்கு எங்களிடம் உங்கள் மனைவி யாரும் இல்லை என்று தலைவர் முடித்துவைத்தார். அவன் வாளில் கைவைத்தபோது டீ கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த வாரம் வலேரியோ வந்தான். வெளுத்த முகம், கறுப்பு அங்கி, அந்த வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. அவன் ஜமாஅத்துக்கும் போகவில்லை, முடுக்குப் பக்கமும் வரவில்லை. ஒஸ்ராக் எங்கே இருக்கிறான் என்று மட்டும் டீக்கடையில் விசாரித்தான். மொகுதூமுக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ் கொஞ்சம் உண்டு. பழிவாங்குவது என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் வலேரியோவின் மேசைக்குப் போய் உட்கார்ந்தான். அன்று முதல் இரண்டு பேரும் ஒன்றாகவே திரிந்தார்கள். ஊரில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் என்று மொகுதூம் அவனைப் பற்றிச் சொன்னான். கடைச் சாமான்களுக்கு நடுவில் உப்புத்தாள் வைத்து அவன் வாளை இவனே தேய்த்துக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குத் தெற்கே உப்பளத்தில் ஒஸ்ராக்குக்கும் வலேரியோவுக்கும் வாள்சண்டை என்று முடிவானதை அன்று விடிந்ததும் மொகுதூம் வீட்டில் இட்லி தின்றுகொண்டே சொன்னான். தான் வலேரியோவின் பக்கம் நிற்கப் போவதாகவும் சொன்னான்.

"அஸ்மா இங்க உயிரோட இருக்காண்டு அவருக்குச் சொன்னியா?" என்று கேட்டாள் செய்னம்பு.

"மொத நாளே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கடலப் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் வாளக் கேட்டாரு."

"அவளப் பாக்கணும்னு கேட்டாரா?"

மொகுதூம் யோசித்தான். "இல்ல. அதுக்கென்ன இப்ப?"

செய்னம்பு சட்டினிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயரவில்லை. "நீயும் என்ன ஒண்ணும் கேக்கல, தம்பி. அவரு கைய ஒடிக்கணும்னு நான் சொல்லவே இல்ல. நான் திருச்சிக்குப் போகணும்னு சொன்னேன். அது ஒனக்குக் காதுல விழல."

மொகுதூம் கையில் இட்லியோடு அவளைப் பார்த்தான்.   கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டான். கிணற்றடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்ட அஸ்மா உள்ளே வந்து துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, உப்பளம் எந்தப் பக்கம் என்று தமிழில் கேட்டாள்.

முடுக்கு முடிகிற இடம் வரைக்கும் வந்து பாத்துமுத்து நின்றுவிட்டார். அதற்கு அப்பால் பெரிய ரோடு. செய்னம்புவும் அஸ்மாவும் ரோட்டில் இறங்கி, பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடித்துப் போக, உப்பு வண்டிகள் கொட்டிக்கொண்டு போன வெள்ளைத் தடத்தின் மேலேயே நடந்து உப்பளத்துக்குப் போனார்கள். அங்கே வலைக்காரர்களும் கடைக்காரர்களும் வரப்புகளில் உட்கார்ந்திருந்தார்கள். உப்பு வாருகிற ஆட்கள் வேலையை நிறுத்தவில்லை. பாத்தியில் கால் வைத்து அழுக்காக்க வேண்டாம் என்று கங்காணி சொன்னதன்படி, இரண்டு வீரர்களும் ஓரமாக இருந்த களிமண் திடலுக்குத் தள்ளிப்போய் நின்றிருந்தார்கள். வாள்கள் உருவியிருந்தன. மொகுதூம் வலேரியோவின் அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அஸ்மா நேராக வலேரியோவிடம் போய் முகத்தைத் திறந்து காட்டினாள். அவர்கள் பேசியது பாட்டின் இங்கிலீஷில்தான். செய்னம்பு எல்லாருக்கும் கேட்கும்படி அதைத் தமிழில் சொன்னாள்.

"நான்தான்" என்றாள் அஸ்மா.

அவன் அவளைப் பார்த்தான். செத்துப்போன ஒருத்தியின் சாயல் உள்ள வேறு யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். "அவள் இறந்துவிட்டாள். நான் எவ்வளவு அழுதிருக்கிறேன்."

"இறக்கவில்லை. வேண்டுமானால் தொட்டுப் பார்."

அவன் வாளைக் கீழே வைக்கவில்லை. கண்களில் நீர் தளும்பியது, அது உண்மையான நீர்தான், வரப்பில் இருந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். "இவனைக் கொன்றுவிட்டு வருகிறேன்" என்றான்.

அஸ்மா துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "அதற்கு நான் எதற்கு? நீங்கள் இரண்டு பேரே போதும்" என்று சொல்லிவிட்டு, திரும்பி வரப்பின் மேல் நடக்கத் தொடங்கினாள்.

அவள் முதுகைக் காட்டியதுதான் தாமதம், ஒஸ்ராக் ஒரு கையில் சாக்கும் மறுகையில் வாளுமாக அவள் பின்னால் பாய்ந்தான். எல்லாரையும்விடப் பக்கத்தில் நின்றவன் வலேரியோ. அவன் வாளை நெஞ்சுக்கு நேரே பிடித்து, காலை அகட்டி, தன் சண்டைக்குச் சரியான நிலையில் நின்றுகொண்டே இருந்தான். உயிரோடு நடக்கிற அவளுக்கு அவன் பாட்டில் இடம் இல்லை. மொகுதூம் அங்கியைப் போட்டுவிட்டு ஓடினான். அவனிடம் ஆயுதம் ஒன்றும் இல்லை. வரப்பு வழுக்கியது, விழுந்து எழுந்து, ஒஸ்ராக்கின் வாள் இறங்கும்போது இடையில் போய் வலது கையை நீட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பிளந்தது. அவன் அப்படியே உப்புப் பாத்திக்குள் சரிந்து, காயத்தில் உப்புநீர் பட்டதும், அக்காவைப் பார்த்து லாத்தா என்று ஒரே ஒரு தரம் கத்தினான். செய்னம்பு சேலையோடு பாத்தியில் இறங்கி அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுற்றிலும் உப்பு சிவந்தது.

உப்பு வாருகிறவர்கள் பலகைகளோடு வந்து ஒஸ்ராக்கின் முழங்காலில் ஒன்று போட்டு, கீழே தள்ளி, அவன் கொண்டுவந்த சாக்கைக் கிழித்தே அவன் கையைக் கட்டினார்கள். வலேரியோ வந்து, விலகுங்கள், அவனை எனக்குக் கொடுங்கள், அவன் என் எதிரி என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான். அவர்களுக்கு அந்தப் பாஷை புரியவில்லை. மொழிபெயர்க்க வேண்டியவள் தம்பியின் கையைத் துப்பட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து ஒஸ்ராக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மொகுதூமுக்கு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நிறைய ரத்தம் போயிருக்கிறது, ஆட்டுக்கால் சூப் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். பாத்துமுத்து வைத்துக் கொண்டுவந்தார். அவன் வாங்கிக் குடித்தான். அவன் சபதத்தை யாரும் நினைவூட்டவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டதோடு சரி. விரல்களில் இரண்டு பிறகு மடங்கவே இல்லை. ஒஸ்ராக்குக்குச் சிறைத்தண்டனை ஆயிற்று. மொகுதூமை வெட்டியதற்குத்தான்; அஸ்மாவைக் கடலில் தள்ளியதற்கு வழக்குப் போட, அந்தக் கடல் எந்தக் கோர்ட்டுக்கு உட்பட்டது என்பது கடைசிவரை தெரியவில்லை.

வலேரியோ சில நாள் டீக்கடையில் உட்கார்ந்து தன் புலம்பலைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அழுகை நல்ல அழுகைதான், பாஷை தெரியாதவர்களும் டீயை ஆறவிட்டுக் கேட்டார்கள். கேட்க வேண்டியவள்தான் மீன் வாங்கப் போயிருந்தாள். பிறகு ஒரு காலையில், வேறெந்தத் துறையிலாவது யாராவது மூழ்கடிக்கப்பட்டிருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு தெற்கே நடந்துபோனதாகச் சொன்னார்கள். சிலர் அஸ்மாவுக்கு மாப்பிள்ளை பேசி வந்தார்கள். நல்ல இடங்கள்தாம். அவள் எல்லாருக்கும் வட்டிலப்பம் கொடுத்து, இப்போது வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். எப்போது என்று கேட்டவர்களிடம், எனக்குத் தோன்றும்போது நானே சொல்கிறேன் என்றாள். தன் பாதி வீட்டில் ஓர் அறையை வெள்ளையடித்து, பெரியதுறைப் பிள்ளைகளுக்கு மாலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் பழைய இங்கிலீஷ்தான். ஆனாலும் பிள்ளைகள் தண்ணீர் கேட்கவும், விலை பேசவும், முடியாது என்று சொல்லவும் மற்றவற்றுக்கு முன்னால் கற்றுக்கொண்டார்கள்.

திருச்சிக் கல்லூரிக்கு செய்னம்பு மறுபடியும் எழுதிப் போட்டாள். பழைய வேலை போய்விட்டிருந்தது. அதைவிடச் சின்ன வேலை ஒன்று இருந்தது. அதற்கே போனாள். புறப்படுகிற அன்று மொகுதூம் பெட்டியை இடது கையால் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தான். ரயில் கிளம்புகிறவரை பெயிண்டு விலை ஏறியதைப் பற்றியே பேசினான். ஜன்னல் நகர்ந்தபோது கூடவே கொஞ்ச தூரம் நடந்தான்.

அங்கே அவள் ஹாஸ்டலில் ஓர் அறையில் இருந்துகொண்டு, முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். ஐப்பசியில் ஒரு நாள், முதல் மணி அடித்து வராந்தாவில் போய்க்கொண்டிருக்கும்போது மொகுதூமின் போன் வந்தது. சலாம் சொன்னான்.

"லாத்தா, புகாரி வந்திருக்காரு. அவங்க உம்மா மௌத்தாயிட்டாங்க, அடக்கத்துக்கு வந்திருக்காரு. பள்ளிவாசல்ல நிக்கிறாரு. நான் எதித்தாப்புல நிக்கிறேன்." மூச்சு வாங்கினான். "நான் என்ன செய்யணும்? நீ சொல்லு."

செய்னம்பு வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். அந்த மனிதரின் பெயரைக் கேட்டதற்காக அல்ல. அப்படி ஒரு கேள்வி அவளிடம் இதுவரை வந்ததில்லை. பதில் தயாராக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள், தேடிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வகுப்பிலிருந்து பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, அடியில் எங்கேயோ கிடந்த ஒன்று மேலே வந்தது.

"மௌத்துக்கு சலாம் சொல்லிட்டு, ஒண்ணு மட்டும் கேளு. நேர்ல வந்து சொல்லியிருக்கலாமே, எதுக்குப் போன்ல சொன்னாருன்னு கேளு."

போனை அணைக்காமலே அவன் ரோட்டைக் கடந்து போவது கேட்டது. வண்டிச் சத்தம், யாரோ இருமியது, சலாம், பதில் சலாம். அப்புறம் தெளிவில்லாத ஆண் குரல்கள், வெகுநேரம். மொகுதூமின் குரல் எங்கேயும் உயரவில்லை. அவன் திரும்பிப் பேசியபோது ரோட்டுச் சத்தம் இல்லை. எங்கோ ஓரமாக வந்து நின்றிருக்க வேண்டும்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பயந்துட்டாராம்."

"எதுக்குப் பயம்? நான் என்ன செஞ்சிருப்பேன்?"

"ஒனக்குப் பயப்படல, லாத்தா" என்றான் மொகுதூம். "எனக்குப் பயந்தாராம்."

 பெரியதுறையில் கடல் இரைவது போனில் மெலிதாகக் கேட்டது, இல்லை, அது அவன் மூச்சாகவும் இருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து அவள், "சரிடா தம்பி. மையித்து எடுக்கிற வரைக்கும் அவரு கூட நில்லு" என்றாள். அவன் சரி என்றான். செய்னம்பு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் வரமாட்டாள் என்று நினைத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் எழுந்துவிட்டிருந்த வகுப்புக்குள் போனாள்.